முப்பத்தாறு நிமிடம்

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் ஜெபசிங்கிடம் மணி கேட்டால் மணி சொல்ல மாட்டார். "கல்பாக்கம் வண்டி போயி நாலு நிமிசம் ஆவுது" என்பார். கேட்டவர் அதை வைத்து மணியைக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். சிற்பம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தப் பதிலே போதும்.

இருபத்திரண்டு வருஷம் கண்டக்டர். அதற்கப்புறம் ஒன்பது வருஷமாக இந்தக் கூண்டு. கூண்டு என்பது நான் வைத்த பேர் இல்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கலாம். மூன்றாவது ஆள் தலையை மட்டும் நீட்டலாம். உள்ளே ஒரு மேஜை, ஒரு விசில், காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு ஃபேன், அப்புறம் அந்த நீள ரெஜிஸ்தர். வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதத்துக்குக் காரணம் என்று அதில் மூன்று கட்டங்கள். முதல் இரண்டையும் கிறுக்கித் தள்ளுகிறவர், மூன்றாவது கட்டத்தில் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிதானமாக எழுதுவார். "கோவளத்தில் ஊர்வலம்." "திருக்கழுக்குன்றத்தில் மாடு குறுக்கே." காரணம் இல்லாமல் எந்த வண்டியும் லேட்டாகாது என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அவர் வீட்டுக்குப் போனதே கிடையாது.

அவருக்குத் தூரமெல்லாம் நேரம்தான். செங்கல்பட்டு ஐம்பது நிமிடம். கடப்பாக்கம் ஒரு மணி பத்து. மாமியார் ஊரான கருங்குழி, செங்கல்பட்டில் வண்டி மாறினால், மாறுகிற வண்டி உடனே கிடைத்தால், இரண்டு மணி நேரம். கிடைக்காவிட்டால் கருங்குழியையே மறந்துவிடலாம் என்பார். அப்படி மறக்கிற நாள்களில் அவர் முகத்தில் பெரிய வருத்தம் எதையும் யாரும் பார்த்ததில்லை.

ஒரே மகள் ஷாரோன். அவள் இருக்கும் தூரத்தை மட்டும் அவர் நேரமாக மாற்றி வைத்துக்கொள்ளவே இல்லை. நர்சிங் படித்துவிட்டு அருணாசலப் பிரதேசத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். போன மூன்றாம் வருஷம், அதே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். செய்துகொண்ட பிறகு போன் செய்தாள். பையன் மேல் ஜெபசிங்குக்கு ஒரு குறையும் இல்லை. ஆளைப் பார்த்தால்தானே குறை சொல்ல. சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துவிட்டாளே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்று போனை மனைவியிடம் நீட்டியவர்தான், இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று, திரும்ப வாங்கவில்லை.

மனைவி ஜாக்குலின் தினமும் சாயங்காலம் மகளோடு பேசுவாள். ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவாள். காது நன்றாகக் கேட்கிறவளுக்கு எதற்கு ஸ்பீக்கர் என்று ஜெபசிங் ஒரு நாளும் கேட்டதில்லை. பக்கத்து அறையில் பேப்பரை விரித்துவைத்து, ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார். பேத்தி பிறந்தது அப்படித்தான் தெரியும். ஜாய்ஸ் என்று பேர் வைத்தது, முதல் பல் முளைத்தது எல்லாமே அந்தச் சுவர் வழியாக வந்த செய்திதான். வாயைத் திறந்து எதையும் கேட்க மட்டும் மாட்டார். கேட்டுவிட்டால் தோற்றதாகிவிடுமாம். எந்தப் பந்தயத்தில் என்று அவருக்கே தெரியாது.

போன வெள்ளிக்கிழமையும் பேப்பர் விரிந்திருந்தது.

"புது ஆஸ்பத்திரில திங்கக்கெழம ஜாயின் பண்ணணும்மா. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கெளம்புறோம், மூணு பேரும். புது வூடு ஏர்போர்ட்டு பக்கத்துலயே கீது" என்றாள் ஷாரோன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஜாக்குலின் போனோடு சமையலறைக்கு ஓடினாள். மீதிப் பேச்சு அங்கேயே நடந்து முடிந்தது.

பழைய ஊரில் ஏர்போர்ட் உண்டு என்பது ஜெபசிங்குக்குத் தெரியும். அவள் முதல்முதலாகப் போய் இறங்கியதே அங்கேதான். இப்போது புது ஊரிலும் ஒன்று என்கிறாள். இங்கே ஒரு பஸ் ஸ்டாண்ட், அங்கே ஒரு பஸ் ஸ்டாண்ட் என்றால் நடுவில் வண்டி ஓடாமலா இருக்கும்? எவ்வளவு நேரம் ஆகும் என்று ஜாக்குலினைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் விஷயம். அவர் தன் போனிடம் கேட்டார்.

இரண்டு ஊர்ப் பேரையும் தட்டினார். மூன்று முறை தட்டியும் எழுத்துத் தப்பு. போனே திருத்திக்கொண்டு ஒரு பக்கத்தைக் காட்டியது. ஒரு ஏர்போர்ட்டிலிருந்து இன்னொரு ஏர்போர்ட்டுக்கு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. விமான தூரம் எண்பது கிலோமீட்டர், பயண நேரம் முப்பத்தாறு நிமிடம் என்று கீழே போட்டிருந்தது.

ஜெபசிங்குக்கு மனசு குளிர்ந்தது. எண்பது கிலோமீட்டர் என்றால் இங்கே மரக்காணம் தாண்டி ஒரு எட்டு. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கைக்குழந்தையோடு முப்பத்தாறு நிமிடத்தில் போய் இறங்கிவிடலாம் என்றால் நல்லதுதானே. ஏழு மணிக்கு எடுத்தால் ஏழு முப்பத்தாறு என்று பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டார்.

இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸோடு வாழ்ந்தவர். வண்டி ஓடாத ரூட்டுக்கு உலகத்தில் எவனாவது டைம் போட்டு வைப்பான் என்று அவர் எப்படி நினைப்பார்?

சனிக்கிழமை காலை ஜாக்குலின் செங்கல்பட்டு சர்ச்சில் நடக்கும் ஸ்திரீகள் கூடுகைக்குக் கிளம்பினாள். ஏழு ஐம்பது வண்டி. கூண்டுக்கு எதிரே நின்றவளிடம் ஜெபசிங் வந்தார்.

"போன் கீன் ஏதாச்சும் வந்துச்சா?"

"யாரு போன்?" என்று ஜாக்குலின் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"கூடுகையில சாயங்காலம் நாலு மணி வரைக்கும் போன ஆப் பண்ணிடுவாங்க. சோறு மூடி வச்சிக்கீது, மறக்காம துண்ணு" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள். ஏழு ஐம்பது வண்டி ஏழு ஐம்பத்தொன்றுக்குப் புறப்பட்டது. காரணம் கட்டத்தில் அவரால் உண்மையை எழுத முடியவில்லை.

எட்டரை, எட்டே முக்கால். இறங்கினவுடன் அம்மாவைக் கூப்பிட்டிருப்பாள், அம்மா போன் ஆப் என்று வந்திருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்பது மணிக்கு வேறு ஒரு யோசனை. அம்மாவுக்குக் கிடைக்காவிட்டால் அப்பாவுக்குப் போட மாட்டாளா? போட மாட்டாள். போட்டால் எடுக்க மாட்டார் என்று இரண்டு வருஷமாக அவர்தானே நடந்து காட்டியிருக்கிறார். இந்த நினைப்பு வந்ததும் மேஜையில் இருந்த டீயைக் குடிக்க மறந்துபோனார்.

பஸ் லேட்டானால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதே ரோட்டில் வருகிற அடுத்த வண்டி கண்டக்டரைக் கேட்க வேண்டும். "முன்னாடி வண்டி எங்க நிக்கிது?" என்றால், "பூஞ்சேரிகிட்ட டயர் மாத்திகினு கீறாங்க" என்று பதில் வந்துவிடும். ஆகாயத்தில் போன வண்டிக்கு யாரைக் கேட்பது? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூண்டிலிருந்து வெளியே வந்து மேலே பார்த்தார். கலங்கரை விளக்கத்துப் பக்கம் நாலு காக்கை பறந்தது.

செங்கல்பட்டு டிரிப் முடித்துக்கொண்டு கண்டக்டர் செல்வராஜ் பத்து மணிக்கு வந்து தலையை நீட்டினான்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

"செல்வராஜு, முப்பத்தாறு நிமிசத்துல போவ வேண்டிய ஏரோப்ளேன் ரெண்டரை மணி நேரம் லேட்டுன்னா இன்னா அர்த்தம்?"

"டீசல் தீந்து எறங்கித் தள்ளிகினு கீறாங்கன்னு அர்த்தம்" என்று செல்வராஜ் சிரித்தான். ஜெபசிங் சிரிக்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "யார்ணா அதுல?"

ஜெபசிங் ரெஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் பொண்ணு. கொழந்த. அவரும்."

மகள் பேச்சை அவர் எடுத்து செல்வராஜ் கேட்டதே இல்லை. அவன் தோள்பையை இழுத்துவிட்டுக்கொண்டான். கடைசியில் அவன்தான் வழி சொன்னான். செங்கல்பட்டில் சர்ச், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். அடுத்த டிரிப்பில் போய் அண்ணியையே கேட்டுவிட்டு வந்துவிடுகிறானாம். ஜெபசிங் அந்த வண்டியை ஒரு நிமிடம் முன்னதாகவே அனுப்பிவைத்தார்.

பதினொன்றரைக்கு லட்சுமணன் வந்தார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி ஆபீசில் இன்ஜினியர், தஞ்சாவூர்ப் பக்கம். சனிக்கிழமை சனிக்கிழமை சென்னைக்குப் போக இங்கே வந்து வண்டி மாறுகிறவர். படித்த மனுஷன், விமானம் ஏறின மனுஷன். ஜெபசிங் எழுந்து நின்றே கேட்டார். பாக்கெட் நோட்டையும் காட்டினார்.

"இருங்க சார், இப்பப் பாத்துடலாம். எந்த ப்ளேன் எங்க பறக்குதுன்னு காட்டுற மேப் ஒண்ணு இருக்கு" என்று லட்சுமணன் போனை எடுத்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "அந்தப் பக்கம் அப்படி எந்த ப்ளேனும் காட்டலையே சார். காலைலேர்ந்தே எதுவும் இல்லையே..."

அதற்குள் சென்னை வண்டி வந்துவிட்டது. கூட்டம் அவரை அப்படியே அள்ளிக்கொண்டு படியேறியது. உள்ளே போன பிறகும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ஏதோ சொன்னார். காற்று ஹாரனில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எந்த ப்ளேனும் காட்டவில்லை. ஜெபசிங் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். ஏழு மணிக்குப் புறப்பட்டது, ஏழு முப்பத்தாறுக்குச் சேரவில்லை, இப்போது மேப்பிலும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கண்டக்டராக இருந்தபோது, கடப்பாக்கத்திலிருந்து வரவேண்டிய தனியார் வண்டி ஒன்று ஐம்பது நிமிடம் லேட். கணவனுக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணிடம், "வந்துடும்மா, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டி உப்பளத்துப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. அந்த ஆளுக்கு ஒரு கால் போயிற்று. வந்துடும் என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது தனக்கே சொல்லிக்கொள்ளப் பார்த்தார். வாய் வரவில்லை.

ஷாரோன் நம்பர் அவர் போனில் இல்லை. கோபத்தில் என்றோ அழித்தாயிற்று. மனசில் இருப்பதை அழிக்கத் தெரியவில்லை, பத்து இலக்கமும் வரிசையாக இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அழுத்தினார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. திரும்ப அழுத்தினார். அதே பெண், அதே பதில். எல்லை என்றால் எந்த எல்லை, வெளியே என்றால் எங்கே என்று அவளிடமே கத்திக் கேட்க வேண்டும்போல இருந்தது.

அன்று மதியம் ஸ்டாண்ட் அமர்க்களப்பட்டது. ஒன்று பத்துக்குப் போகவேண்டிய திருப்போரூர் வண்டிக்கு ஜெபசிங் ஒரு மணிக்கே விசில் கொடுத்துவிட்டார். டிரைவர் எதிர்க்கடையில் வடையும் கையுமாக நிற்கிறான். "இன்னா அண்ணாத்த, இன்னும் பத்து நிமிசம் கீதே! என்னை வுட்டுட்டு வண்டி தானா பூடுமா?" என்று அங்கிருந்தே கூச்சல் போட்டான். ஜனங்கள் சிரித்தார்கள். சரியான நேரத்துக்கு வந்த கல்பாக்கம் வண்டிக்கு நேராக, காரணம் கட்டத்தில், "தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். எழுதியது அவருக்கே ஞாபகம் இல்லை.

செல்வராஜ் திரும்பி வந்தபோது ஒன்றரை. இறங்கும்போதே கையை விரித்தான். "பொம்பளைங்க கூட்டமாம், ஆம்பளைங்கள கேட்டாண்டயே நிறுத்திட்டாங்க. உள்ள ஜெபம் நடந்துகினு கீதாம். எழுதிக் குடுத்தேன். முடிஞ்சதும் குடுக்கறேன்னு வாங்கி வச்சிகினாங்க" என்றான். பிறகு மெதுவாக, "நீ வூட்டுக்குப் போ அண்ணாத்த, நான் யாரையாச்சும் இங்க ஒக்கார வைக்கிறேன்" என்றான்.

"வூட்டுல போயி இன்னா பண்றது?" என்றார் ஜெபசிங். மூடி வைத்த சோறு அப்படியே இருக்கிறது என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. போனை எடுத்துப் பதினெட்டாவது தடவையாக அந்த நம்பரை அழுத்தினார்.

இரண்டு முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது. சேமிக்காத நம்பர், பத்து இலக்கம். எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் மழைச் சத்தம், குழந்தை அழுகிற சத்தம்.

"நைனா... அம்மாவுக்கு இன்னா ஆச்சு?"

ஜெபசிங்குக்குப் புரியவில்லை.

"சொல்லு நைனா. இப்பதான் சிக்னல் வந்துச்சு. உன் நம்பர்லேர்ந்து பதினெட்டு வாட்டி கால் வந்துச்சுன்னு மெசேஜ். அம்மா போன் ஆப்ல கீது. அம்மா கீறாங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லு" என்று ஷாரோன் அழுதாள்.

அப்பன் போன் செய்தால் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும். வேறு காரணம் எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றுகிற மாதிரி அவர் ஒன்றும் செய்துவைத்திருக்கவில்லை.

"அம்மா நல்லாக் கீறாம்மா. கூடுகைக்குப் போயிக்கீறா. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, அழாத." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ எங்கம்மா போயிகினு கீற? ப்ளேனு இன்னா ஆச்சு?"

"எந்த ப்ளேனு?"

"ஏழு மணி ப்ளேனு. முப்பத்தாறு நிமிசம்."

"இங்கேர்ந்து அங்கப் போவ ப்ளேனே கெடையாது நைனா. நாங்க ஜீப்புல போறோம். நடுவுல ரெண்டு ஆறு, ஒரு மலை. ஆத்துல தண்ணி ஏறிடுச்சுன்னு, ஜீப்ப ஏத்திகினு போற படகுக்கு மூணு மணி நேரம் காத்துகினு இருந்தோம். போய்ச் சேர இன்னும் நாலு மணி நேரமாச்சும் ஆவும். ப்ளேன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"போன்ல போட்டு இருந்துச்சே. தூரம், டைமு, கோடு எல்லாம் போட்டு இருந்துச்சே."

"அது சும்மா கணக்கு நைனா. எந்த ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நேரா கோடு இழுத்து, பறந்தா இவ்ளோ நேரம்னு காட்டும். பறக்குதா இல்லியான்னு அதுக்குத் தெரியாது."

ஓடாத வண்டிக்கு டைம் போடுகிறவனும் உலகத்தில் இருக்கிறான் என்பதை ஜெபசிங்கால் அப்போதும் நம்ப முடியவில்லை. இன்றுவரைக்கும் முழுசாக நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைப் பற்றி வாதாட அவருக்கு அப்போது நேரம் இல்லை.

"ஜீப்பு யாரு ஓட்றது? மாப்ளயா?" என்று கேட்டார்.

"ஆமா நைனா" என்றாள் ஷாரோன். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவள் குரல் மறுபடியும் உடைந்தது.

"பைய ஓட்டச் சொல்லு. கொழந்தைக்குத் தலைய மூடு."

"சரி. போய்ச் சேந்ததும் அம்மாவுக்குப் போன் பண்றேன்."

"அம்மாவுக்கு வேணாம்" என்றார் ஜெபசிங் அவசரமாக. "எனக்குப் பண்ணு. நான் டைம் எழுதணும்."

நாலு மணியோடு அவர் டியூட்டி முடிந்தது. அடுத்த ஷிப்டு ஆள் வந்து நாற்காலி கேட்டபோது, ஸ்டூலுக்கு மாறி உட்கார்ந்தாரே தவிர, நகரவில்லை. ஐந்தரைக்கு ஜாக்குலின் வந்து இறங்கினாள். செல்வராஜ் எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கையில் இருந்தது. கூண்டு வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"புள்ள போற வழியில ரெண்டு ஆறு கீதாம்" என்றார் ஜெபசிங். "இன்னும் ஒரு மணி நேரத்துல சேந்துடும்."

ஜாக்குலினுக்கு அந்த இரண்டு ஆறும் வெள்ளிக்கிழமையே தெரியும். "அப்படியா?" என்று மட்டும் சொல்லி, கூண்டில் மீதியிருந்த இடத்தில் நின்றுகொண்டாள்.

ஆறு நாற்பத்தெட்டுக்குப் போன் வந்தது. ஜெபசிங் ஸ்பீக்கரைப் போட்டார். "வந்துட்டோம் நைனா" என்றாள் ஷாரோன். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் தட்டுத்தடுமாறித் தமிழில் வணக்கம் சொன்னது. அவர் அந்த வணக்கத்துக்கு எழுந்து நின்றார். ஸ்பீக்கரில் வந்த வணக்கத்துக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை என்பது அப்புறம்தான் தோன்றியது.

பேசி முடித்துவிட்டு ரெஜிஸ்தரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டார். புறப்பட்ட நேரம் 7.00. சேர்ந்த நேரம் 18.48. தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் "இரண்டு ஆறு" என்று எழுதினார். பேனாவை மூடப்போனவர் திரும்பத் திறந்தார். "இரண்டு வருஷம்" என்று அதன் கீழே எழுதி, பக்கத்தில் தன் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜாக்குலின் அதைப் படித்துவிட்டு, சாப்பிட வரச் சொன்னாள்.